தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் முறையை மாற்றுவது என்றால் சரியாக எதை மாற்றுகிறோம்?

மேடையில் "விகிதாசாரம் வேண்டும்" (அதாவது, வாக்குப் பங்குக்கு ஏற்ப இடங்கள்), "இரண்டு சுற்று வேண்டும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். சட்டம் எழுத உட்கார்ந்தால் ஆறு விஷயங்கள் தனித்தனியாக வந்து நிற்கும். எந்தப் பதவிக்கு வாக்கு, சீட்டில் வாக்காளர் என்ன குறியிடுகிறார், ஒரு தொகுதிக்கு எத்தனை இடங்கள், வாக்கை இடமாக மாற்றும் கணக்கு எது, அவைக்குள் வரக் குறைந்தது எத்தனை சதவீதம் வேண்டும் (வெட்டுப்புள்ளி), தொகுதி எல்லையை வரைவது யார். அதிகம் விவாதிக்கப்படுவது கணக்குச் சூத்திரம். முடிவை அதிகம் அசைப்பதோ ஒரு தொகுதிக்கான இட எண்ணிக்கையும் வெட்டுப்புள்ளியும்தான். மூன்று இடம் மட்டுமே உள்ள தொகுதியில் எந்தச் சூத்திரத்தைப் போட்டாலும் 10 சதவீதக் கட்சி பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்பும். பெயரளவில் அது விகிதாசாரமாக இருந்தாலும் அப்படித்தான்.

எங்கிருந்து தொடங்குவது?

குறையிலிருந்து. "இப்போதைய முறையில் என்ன கெட்டுப்போனது?" என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். குறைந்த வாக்கு வாங்கியவர் ஆட்சிக்கு வருகிறாரா? 20 சதவீத ஆதரவுள்ள கட்சிக்கு இடமே இல்லையா? ஒரு வட்டாரத்தின் வாக்கை மட்டும் வைத்து ஒருவர் நாட்டுத் தலைவராகிறாரா? ஆட்சி அடிக்கடி கவிழ்கிறதா? இவற்றுக்குத் தனித்தனி மருந்துகள். ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றைக் கூட்டும்: இடங்களை நியாயமாகப் பங்கிட்டால் தனிக்கட்சி ஆட்சி அரிதாகும், ஆட்சியை உறுதியாக்கினால் பங்கீடு கோணலாகும். இரண்டையும் முழுதாகத் தருகிறேன் என்று சொல்லும் திட்டத்தை நம்ப வேண்டாம்.

குறைவான வாக்கு வாங்கிய கட்சி அதிக இடம் பெறுவது எப்படி?

தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு பெற்றவர் வெற்றி என்ற முறையில், தோற்ற வேட்பாளருக்கு விழுந்த வாக்குகளும் வென்றவருக்குத் தேவைக்கு மேல் விழுந்த வாக்குகளும் கணக்கில் எங்கும் சேராது. நூறு வாக்குகள் கொண்ட மூன்று தொகுதிகளில் 'அ' கட்சி 51, 51, 10 வாங்கினால் மொத்தம் 112. 'ஆ' கட்சி 49, 49, 90 வாங்கினால் மொத்தம் 188. இடங்கள்: அ இரண்டு, ஆ ஒன்று.

நியூசிலாந்தில் 1978இலும் 1981இலும் தொழிற்கட்சிக்கு நாடு முழுவதும் கூடுதல் வாக்கு, தேசியக் கட்சிக்குக் கூடுதல் இடம். அதே 1981இல் சமூகக் கடன் கட்சி 20 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் கிடைத்தது 2 இடம். இந்தியாவில் 2014 மக்களவைத் தேர்தலில் பகுஜன் சமாஜ் கட்சிக்கு 4.2 சதவீத வாக்கு, இடம் பூஜ்யம், அ.தி.மு.க.வுக்கு 3.3 சதவீதம், இடம் 37. ஒன்றின் வாக்கு பரந்து கிடந்தது, மற்றதன் வாக்கு ஒரே மாநிலத்தில் குவிந்திருந்தது. லெசோத்தோவில் 1998இல் 60 சதவீத வாக்குக்கு 80இல் 79 இடங்கள் போயின. அதைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது, 2002க்குள் தேர்தல் முறையே மாறியது.

நாட்டுத் தலைவர் 50 சதவீதத்துக்கு மேல் பெற வேண்டும் என்று எழுதிவிட்டால் போதாதா?

அந்த வரி பாதி வேலைதான். யாரும் 50ஐத் தாண்டாவிட்டால் என்ன செய்வது என்பதே மீதிப் பாதி. பழக்கமான வழி, முதல் இருவரை மட்டும் வைத்து இரண்டாம் சுற்று நடத்துவது. வாக்காளருக்குப் புரிவது எளிது. ஆனால் முழுச் செலவோடு இன்னொரு தேர்தல், பதற்றமான இடைவெளி, இரண்டாம் நாளில் பலர் வராமை ஆகியவை கூடவே வரும்.

இதைவிடப் பெரிய ஓட்டை முதல் சுற்றில் இருக்கிறது. பிரான்சில் 2002இல் 16 பேர் போட்டியிட்டனர். பதவியில் இருந்த ஜனாதிபதி சிராக் 19.9 சதவீதம், தீவிர வலதுசாரி லெ பென் 16.9, அப்போது பிரதமராக இருந்த சோசலிஸ்ட் ஜோஸ்பேன் 16.2. இடதுசாரி வாக்குகள் பல வேட்பாளர்களிடையே சிதறியதால் ஜோஸ்பேன் முதல் சுற்றிலேயே வெளியேறினார். இரண்டாம் சுற்றில் சிராக் 82 சதவீதம் பெற்றார். வெற்றிக்குப் பெரும்பான்மை கிடைத்தது. எந்த இருவரிடையே தேர்வு என்பதை மட்டும் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம் முடிவு செய்துவிட்டது.

அர்ஜென்டினா நடுவழி ஒன்றை வைத்திருக்கிறது. 45 சதவீதம் பெற்றாலோ, 40 சதவீதம் பெற்று அடுத்தவரைவிடப் 10 புள்ளி முன்னால் இருந்தாலோ முதல் சுற்றிலேயே வெற்றி. தேவையற்ற இரண்டாம் சுற்றுகளைத் தவிர்க்க இது நல்ல ஏற்பாடு.

ஒரே நாளில் 1, 2, 3 என்று விருப்பு வாக்கு போட்டால் இரண்டாம் சுற்றே வேண்டாமே?

வேண்டாம்தான், வாக்காளர்கள் 2, 3 போட்டால். இதற்கு இலங்கையின் 2024 ஜனாதிபதித் தேர்தலைவிடத் தெளிவான பாடம் கிடையாது. அங்கே மூன்று விருப்பு வரை குறிக்கலாம். 1982 முதல் நடந்த எல்லாத் தேர்தல்களிலும் ஒருவர் முதல் எண்ணிக்கையிலேயே 50ஐத் தாண்டிவிட்டதால் அந்த ஏற்பாடு ஏட்டில் மட்டும் இருந்தது. 2024இல் முதல்முறையாகத் தேவைப்பட்டது. அனுர குமார திசாநாயக்க 56,34,915 (42.31 சதவீதம்), சஜித் பிரேமதாச 43,63,035 (32.76 சதவீதம்). மற்றவர்களுக்கு விழுந்த ஏறத்தாழ 33 லட்சம் வாக்குகளில் இவ்விருவருக்கும் விருப்பு எண்ணிக்கையில் வந்து சேர்ந்தவை 1,05,264 மற்றும் 1,67,867. நூற்றுக்கு எட்டு. மீதிச் சீட்டுகள் இருவரில் யாருக்கும் சேரவில்லை.

ஆகவே வென்றவரின் இறுதி எண் 57,40,179. இருவருக்குமிடையே பார்த்தால் 55.9 சதவீதம்; செல்லுபடியான மொத்த வாக்கில் பார்த்தால் 43 சதவீதத்துக்குச் சற்று மேல். சட்டப்படி இது சரியான வெற்றி. "50 சதவீதத்துக்கு மேல்" என்று மேடையில் சொல்லப்பட்ட வாக்குறுதியோடு மட்டும் இது பொருந்தவில்லை.

இந்தச் சிக்கலுக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, கட்சிகள் "எனக்கு மட்டும் குறியிடுங்கள்" என்றுதான் சொல்லும். 2 போடச் சொன்னால் பலவீனம் என்று நினைக்கின்றன. இரண்டு, ஒற்றைக் குறியையும் ஏற்கும் சீட்டில் வாக்காளருக்கு வேறு தூண்டுதல் இல்லை. ஆஸ்திரேலியாவின் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் எல்லா வேட்பாளருக்கும் எண் போட்டால்தான் வாக்கு செல்லும். அங்கே வாக்கு வழியில் தீர்ந்துபோவதில்லை, ஆனால் செல்லாத சீட்டு கூடுகிறது. இரண்டில் எந்த இழப்பைத் தாங்குவது என்று முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும்.

இலங்கை ஏற்பாட்டில் ஒரு புத்திசாலித்தனமும் உண்டு, அது பலர் கண்ணில் படுவதில்லை. கடைசியில் இருப்பவரை ஒவ்வொருவராக நீக்காமல், முதல் இருவரைத் தவிர எல்லோரையும் ஒரேயடியாக நீக்குகிறது. இதனால் தலைமையகம் இரண்டு பெயர்களை அறிவித்தால் போதும். ஒவ்வொரு மாவட்டமும் தன் சீட்டுகளைத் தன் மண்டபத்திலேயே மறுபடி எண்ணிக் கூட்டுத்தொகையை அனுப்பலாம். ஒவ்வொருவராக நீக்கும் முறையில் இது நடக்காது. அங்கே ஒவ்வொரு நீக்கத்துக்கும் நாடு தழுவிய கூட்டுத்தொகை வந்த பிறகே அடுத்த படி.

ஒவ்வொருவராக நீக்கும் முறையில் எப்போதும் பொதுவாக ஏற்கத்தக்கவர் வெல்வாரா?

இல்லை. 100 வாக்காளர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடதுசாரிக்கு முதல் விருப்பு 40, வலதுசாரிக்கு 35, நடுவில் இருப்பவருக்கு (இனி 'நடுவர்') 25. இடது, வலது ஆதரவாளர் எல்லோருடைய இரண்டாம் விருப்பும் நடுவர். நடுவரின் 25 பேரில் 15 பேர் இடதையும் 10 பேர் வலதையும் அடுத்துக் குறிக்கிறார்கள். நடுவர் முதலில் நீங்குகிறார். இடது 55க்கு 45 என்று வெல்கிறது. ஆனால் நேருக்கு நேர் நிறுத்தினால் நடுவர் இடதை 60க்கு 40 என்றும் வலதை 65க்கு 35 என்றும் வென்றிருப்பார். அமெரிக்காவின் பர்லிங்டன் நகர மேயர் தேர்தலில் 2009இல் இதே வகைச் சிக்கல் வந்து, மறு ஆண்டு வாக்கெடுப்பில் அந்த முறையையே கைவிட்டார்கள். இரண்டு சுற்று முறைக்கும் இதே நோய் உண்டு என்பதை அதை ஒழித்தவர்கள் அவ்வளவாகப் பேசவில்லை.

பிரதமரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் கட்சித் தாவலும் பேரமும் ஒழியுமா?

இதைச் செய்து பார்த்த நாடு இஸ்ரேல். 1992இல் சட்டம் கொண்டுவந்தார்கள். 1996 முதல் வாக்காளர் கையில் இரண்டு சீட்டு, பிரதமருக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று. சிறு கட்சிகளின் பேரத்தைக் குறைப்பதே நோக்கம். நடந்தது நேர் எதிர். பிரதமரைத் தனியாகத் தேர்ந்தெடுத்துவிட்டதால், இரண்டாவது சீட்டை மனதுக்குப் பிடித்த சிறு கட்சிக்குப் போட மக்களுக்குச் சுதந்திரம் வந்தது. 120 இடங்களில் இரு பெரிய கட்சிகளும் சேர்ந்து 1992இல் 76 வைத்திருந்தன. 1996இல் 66, 1999இல் 45. பிரதமர் மக்கள் வாக்கால் வந்தாலும் நாடாளுமன்றப் பெரும்பான்மை இல்லாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது. அந்தப் பெரும்பான்மை இன்னும் சிறு துண்டுகளாக உடைந்திருந்தது. 2001இல் சட்டத்தை நீக்கிப் பழைய முறைக்குத் திரும்பினார்கள்.

தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்க விரும்பினால், அவரது பதவி நாடாளுமன்ற நம்பிக்கையைச் சார்ந்திருக்கக் கூடாது. சார்ந்திருக்கத்தான் வேண்டும் என்றால் நேரடித் தேர்வு வேண்டாம்.

ஒரு வட்டாரத்தின் வாக்கை மட்டும் நம்பி வெல்வதைத் தடுக்க வழி உண்டா?

பரவல் நிபந்தனை. கென்யாவில் பாதிக்கு மேல் வாக்குடன், 47 மாவட்டங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில், அதாவது 24இல், குறைந்தது 25 சதவீதமும் பெற வேண்டும். இந்தோனேசியாவிலும் இதுபோல மாகாண நிபந்தனை இருக்கிறது. பல இனங்கள் வாழும் நாட்டுக்கு நல்ல ஏற்பாடுதான், ஆனால் எண்ணைக் கவனமாக எழுத வேண்டும். நைஜீரியாவில் 1979இல் "மாநிலங்களில் மூன்றில் இரண்டு பங்கு" என்று விதி இருந்தது. மாநிலங்கள் 19. மூன்றில் இரண்டு என்றால் பன்னிரண்டும் மூன்றில் இரண்டும். அது 12ஆ 13ஆ? வேட்பாளர் ஷெகு ஷகாரி 12 மாநிலங்களில் நிபந்தனையை எட்டியிருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. பின்னத்தை எழுதும்போது "அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்த வேண்டும்" என்ற ஐந்து சொல் சேர்த்திருந்தால் அந்த வழக்கே இல்லை.

விகிதாசாரத்தில் வாக்கு எப்படி இடமாகிறது?

நான்கு கட்சிகள், 7 இடங்கள். நூறு வாக்கில் அ 48, ஆ 27, இ 16, ஈ 9.

டி'ஹோண்ட் முறையில் ஒவ்வொரு கட்சியின் வாக்கையும் 1, 2, 3, 4 என வகுத்து, கிடைக்கும் ஈவுகளில் பெரிய ஏழுக்கு இடம். ஈவுகள் 48, 27, 24, 16, 16, 13.5, 12. முடிவு: அ 4, ஆ 2, இ 1, ஈ 0.

செயின்ட் லாகு முறையில் 1, 3, 5, 7 என வகுக்க வேண்டும். ஈவுகள் 48, 27, 16, 16, 9.6, 9, 9. முடிவு: அ 3, ஆ 2, இ 1, ஈ 1.

வாக்கு அதேதான், 48 சதவீதக் கட்சிக்கு ஒன்றில் 7இல் 4, தனிப் பெரும்பான்மை. மற்றதில் 3, கூட்டணி தேவை. வகுஎண் என்ன என்ற ஒரு வரி நாட்டின் ஆட்சியைத் தீர்மானிக்கலாம். அதனால்தான் பேச்சுவார்த்தை மேசையில் "விகிதாசாரம் ஒப்புக்கொள்ளப்பட்டது" என்று கைகுலுக்கிவிட்டு, விவரங்களை அதிகாரிகளிடம் விடுவது ஆபத்து. ஈவு சமமானால் யாருக்கு என்பதையும் எழுதிவிடுங்கள்: அதிக மொத்த வாக்கா, சீட்டுக் குலுக்கலா.

வெட்டுப்புள்ளி எத்தனை சதவீதம் வைப்பது?

நெதர்லாந்தில் 150இல் ஒரு பங்கு, அதாவது 0.67 சதவீதம். ஜெர்மனியில் 5. இலங்கையின் 1978 அரசியலமைப்பு மாவட்ட அளவில் எட்டில் ஒரு பங்கு என்று வைத்திருந்தது; 1988இல் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். மிக உயர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு துருக்கி 2002. அங்கே 10 சதவீதம். இரண்டே கட்சிகள் தாண்டின. 45 சதவீதத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பிரதிநிதியின்றிப் போயின. 34 சதவீதம் வாங்கிய கட்சிக்கு 550இல் 363 இடங்கள். 2022இல்தான் அதை 7 ஆக்கினார்கள். எங்கள் கருத்தில் 3 முதல் 5 வரை நியாயமான வரம்பு. அதற்கு மேல் போகச் சொல்பவரிடம் அது யாரைக் குறிவைக்கிறது என்று கேளுங்கள்.

கலப்பு முறை இரண்டுக்கும் நடுவழி என்கிறார்களே?

சில இடங்கள் தொகுதிக்கு ஒருவராகவும், மீதி கட்சிப் பட்டியலிலிருந்தும் நிரம்புவதே கலப்பு முறை. ஆனால் ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்பனையாகின்றன. ஜப்பானில் தொகுதி இடம் 289, பட்டியல் இடம் 176. இரண்டும் தனித்தனிக் கணக்கு. பெரிய கட்சி தொகுதிகளில் வாரிக்கொண்டதைப் பட்டியல் திருத்தாது. நியூசிலாந்திலும் ஜெர்மனியிலும் பட்டியல் வாக்குதான் மொத்தப் பங்கைத் தீர்மானிக்கிறது. தொகுதியில் குறைவாகப் பெற்றதைப் பட்டியல் நிரப்பும்.

நிரப்பும் வகையில் இரண்டு கோளாறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, பங்குக்கு மேல் தொகுதிகளை வென்றுவிட்டால் என்ன செய்வது? ஜெர்மனி மற்றக் கட்சிகளுக்கு ஈடுகட்டும் இடம் கொடுத்து, 598 ஆக இருக்க வேண்டிய அவை 2021இல் 736 ஆகப் பெருத்தது. 2023 சட்டம் 630 என்று பூட்டியது. அதற்கு விலை, தொகுதியில் முதலிடம் வந்தும் சிலருக்கு இடம் இல்லாமல் போவது. இலங்கையின் உள்ளூராட்சித் தேர்தலிலும் 2018இல் கலப்பு முறை வந்தபோது உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ 4,500இலிருந்து 8,000க்கு மேல் தாவியது.

இரண்டாவது, நிழல் கட்சி. ஒரு கட்சி தொகுதிக்கு ஒரு பெயரிலும் பட்டியலுக்கு இன்னொரு பெயரிலும் நின்றால், நிரப்பும் கணக்கு ஏமாந்துவிடும். லெசோத்தோவில் 2007இலும் தென்கொரியாவில் 2020இலும் இதுவே நடந்தது. லெசோத்தோ பின்னர் தொகுதிக்கும் கட்சிக்கும் சேர்த்து ஒரே வாக்கு என்று மாற்றியது. முதல் சட்டத்திலேயே இந்தக் கதவை அடைப்பது நல்லது.

வாக்குச்சீட்டில் என்ன தவறலாம்?

புதிய முறையைக் கெடுக்கச் சீட்டின் வடிவமைப்பு ஒன்றே போதும். ஸ்காட்லாந்தில் 2007இல் நாடாளுமன்றத்துக்கு இரண்டு பெருக்கல் குறி, அதே நாளில் உள்ளாட்சிக்கு 1, 2, 3 எண்கள். நாடாளுமன்றத்துக்கான இரண்டு வாக்கும் ஒரே தாளில் அருகருகே. தள்ளுபடியான சீட்டுகள் 1,40,000ஐத் தாண்டின. ஒரே நாளில் இரண்டு வகைக் குறியீடு வேண்டாம். ஒரு தாளில் ஒரு வாக்கு. குறிப்பு வாசகம் வேட்பாளர் பெயருக்கு மேலே இருக்கட்டும். வெறும் சரிக்குறி, ஒரே எண் இருமுறை, 1க்குப் பிறகு நேராக 3 என்ற மூன்றும் செல்லுமா, செல்லாதா என்பதை மாதிரிப் படத்தோடு விதியில் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மண்டபமும் தன் மனம்போல முடிவு செய்யும்.

மக்கள் வாக்கெடுப்பு கட்டாயமா? எப்படி நடத்துவது?

சட்டம் கேட்காவிட்டாலும் நடத்துவது நல்லது, ஆனால் கேள்வி அமைவதில்தான் வெற்றி தோல்வி. நியூசிலாந்து இரண்டு கட்டமாக வைத்தது. 1992இல் "மாற்றம் வேண்டுமா, வேண்டுமானால் நான்கில் எது?" என்று கேட்டார்கள். 84.7 சதவீதம் மாற்றம் கேட்டது. 1993இல் பொதுத் தேர்தலோடு சேர்த்து, தேர்வான ஒன்றைப் பழையதோடு மோதவிட்டார்கள்; 53.9 சதவீதத்தில் நிறைவேறியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2005இல் குடிமக்கள் மன்றம் பரிந்துரைத்த முறைக்கு 57.7 சதவீதம் ஆதரவு. நிபந்தனை 60 என்று வைத்திருந்ததால் விழுந்தது. 2009இல் மறுபடி கேட்டபோது 39 சதவீதமாகச் சரிந்திருந்தது. ஆர்வம் இருக்கும் காலம் குறுகியது.

ஆளுங்கட்சி தனக்குச் சாதகமாக மாற்றிக்கொண்டால்?

முயற்சி செய்வார்கள். கணிப்பு பலிப்பதில்லை என்பதே ஆறுதல். இத்தாலியில் 2005 டிசம்பரில் பெர்லுஸ்கோனி அரசு புதிய சட்டம் நிறைவேற்றியது. வென்ற கூட்டணிக்கு 340 இடம் உறுதி. நான்கு மாதத்தில் நடந்த தேர்தலில் மிகச் சிறு வித்தியாசத்தில் வென்று அந்த 340ஐ எடுத்துக்கொண்டவர் எதிரணியின் ப்ரோடி. ஐரோப்பிய கவுன்சிலின் சட்ட ஆலோசனை அமைப்பான வெனிஸ் ஆணையத்தின் 2002 நெறிமுறை, தேர்தலுக்கு ஓராண்டுக்குள் அடிப்படை விதிகளைத் தொடக் கூடாது என்கிறது.

நடைமுறையில் எத்தனை காலம் வேண்டும்?

வாக்குப்பதிவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சட்டம் குறைந்தது 18 மாதம் முன்பு. தொகுதி எல்லை 12 மாதம் முன்பு, ஆட்சேபம் கேட்டு முடித்த நிலையில். மாதிரிச் சீட்டைச் சில நூறு பேரிடம், குறிப்பாக முதியவர்களிடமும் எழுத்தறிவு குறைந்தவர்களிடமும், கொடுத்துப் பார்ப்பது 9 மாதம் முன்பு. செல்லாத சீட்டு நூற்றுக்கு மூன்றைத் தாண்டினால் மறுபடி வரையுங்கள். எண்ணும் அலுவலர் பயிற்சி 3 மாதம் முன்பு. வேண்டுமென்றே சமநிலையும் குழப்பமான குறிகளும் கலந்த ஒத்திகை எண்ணிக்கை ஒரு மாதம் முன்பு. இதில் வழக்கமாக நழுவுவது எல்லை நிர்ணயம். அது தாமதமானால் மற்ற எல்லாம் தயாராக இருந்தும் தேர்தல் தள்ளிப்போகும். ஆகவே "புதிய எல்லை வராவிட்டால் பழைய எல்லையில் நடத்தலாம்" என்ற மாற்று ஏற்பாட்டைச் சட்டத்திலேயே வையுங்கள்.

மாற்றியது சரியா என்று எப்போது பார்ப்பது?

முதல் தேர்தலை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அதில் கட்சிகளும் மக்களும் பழைய பழக்கத்திலேயே நடந்துகொள்வார்கள். மூன்று தேர்தலாவது ஓடட்டும். ஒவ்வொன்றிலும் செல்லாத சீட்டு விகிதம், பிரதிநிதியின்றிப் போன வாக்கு, வாக்குப் பங்குக்கும் இடப் பங்குக்கும் உள்ள வித்தியாசம், ஆட்சி அமைக்க எடுத்த நாள் என்ற நான்கு எண்களையும் குறித்துவையுங்கள். நியூசிலாந்து 1996இல் தொடங்கி ஐந்து தேர்தல் நடத்திவிட்டு 2011இல் மக்களிடம் மறுபடி கேட்டது, 57.8 சதவீதம் வைத்துக்கொள்ளலாம் என்றது.